இருபது விரல் இசக்கி

“நோயாளி தற்போது பிணவறையில் இருக்கிறார். அறுவை அரங்கைத் திறக்க இயலாது. நன்றி.”

கதவு இதை மூன்றாவது முறையாகச் சொன்னது. ஒவ்வொரு முறையும் அதே இனிய குரல், அதே நன்றி. அந்த நன்றியைக் கேட்கும்போதெல்லாம் கோமதிக்கு உடம்பு எரிந்தது.

நோயாளி கதவுக்கு நேர் எதிரே தள்ளுகட்டிலில் வலப்பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பெயர் இசக்கியம்மாள். கோமதியின் அம்மா.

“ஏட்டி, அது என்னட்டி சொல்லுது? நான் செத்துட்டேங்குதா?”

“இல்லம்மா. நீ வேற எடத்துல இருக்கியாம்.”

“வேற எடத்துல இருந்தா வலியும் அங்கல்லா இருக்கணும்?”

பக்கத்தில் கையுறை மாட்டிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி மருத்துவர் ஜெசிந்தா நின்றிருந்தார். “குடல்வால் வீங்கி வெடிக்கிற நெலையில இருக்கு. வெடிச்சா வயிறு முழுக்கச் சீழ் பரவிரும். எனக்கு அறுக்கத் தெரியும் கோமதி. இந்தக் கதவுகிட்டக் கெஞ்சத் தெரியாது.”

“கதவ ஒடச்சிருங்க.”

“ஒடச்சிரலாம். மயக்கப்பொறிய என்ன செய்ய? நோயாளி அரங்குக்குள்ள இருக்காங்கன்னு தளம் உறுதி சொல்லாம அது ஒரு சொட்டு மருந்து விடாது. கத்திப்பெட்டி கூடத் திறக்காது.”

ஒருமைத்தளம் வந்த பிறகு நாடே இப்படித்தான் ஓடியது. நாட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பதிவு. வீடு, ரேஷன், பேருந்து, பள்ளிக்கூடம், சிறைச்சாலை என்று எல்லாமே அந்தப் பதிவோடு கண்ணுக்குத் தெரியாத நூலால் கட்டப்பட்டிருந்தன. எந்தக் காரியமானாலும் முதலில் தளத்தில் எழுதப்படும். தளம் ‘உறுதி’ என்று சொன்னால்தான் காரியம் நடக்கும், கதவு திறக்கும், பொறி ஓடும். தொடக்கத்தில் மக்கள் கொண்டாடத்தான் செய்தார்கள். ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்க வேண்டாம், சாதிச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம், எவன் கையிலும் எதையும் திணிக்க வேண்டாம். ஒருவருக்கு ஒரே பதிவு, இரட்டிப்பே கிடையாது என்று அரசு மார்தட்டியது.

கோமதி அந்தத் தளத்தின் மாவட்ட நிலையத்தில்தான் வேலை பார்த்தாள். பதவியின் பெயர் முடிச்சவிழ்ப்பாளர். தெருவில் அவளை முடிச்சவிக்கி என்று கிண்டல் செய்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். இன்றைக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் பல்லைக் கழற்றியிருப்பாள்.

முடிச்சு என்பது இதுதான். ஒருவன் கையில் வண்டி, இன்னொருவன் கையில் சாவி. இவன் சாவி கிடைக்காமல் வண்டியை விடமாட்டான், அவன் வண்டி கிடைக்காமல் சாவியைத் தரமாட்டான். தளத்தில் இரண்டு வேலைகள் இப்படி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உறைந்துபோனால் அதன் பெயர் முடிச்சு. கோமதி தன் கைப்பலகையை விரித்து அம்மாவின் பதிவைத் திறந்தாள். சு. இசக்கியம்மாள், பிறந்த ஊர் பனையடிக்குளம். இரண்டு வேலைகள் அந்த ஒரே பதிவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. அறுவை அரங்கு ‘உடல்’ என்ற பகுதியைப் பூட்டிக்கொண்டு ‘இருப்பிடம்’ கேட்டது. இதே மருத்துவமனையின் பின்கட்டில் இருக்கும் பிணவறை ‘இருப்பிடம்’ என்ற பகுதியைப் பூட்டிக்கொண்டு, ரேகை வைப்பதற்காக ‘உடல்’ கேட்டது.

இப்படி ஆனால் தளம் இரண்டில் ஒன்றைப் பலி கொடுக்கும். பலி என்பது கோமதி வைத்த பெயர் அல்ல, விதிப்புத்தகத்திலேயே அப்படித்தான் இருந்தது. பலியான வேலை அடியோடு அழிக்கப்பட்டு, முதலிலிருந்து தானாகவே மறுபடி கிளம்பும். யாரைப் பலி கொடுப்பது? எடை குறைந்தவரை. வேலையைக் கேட்டவரின் ரேகையில் தொங்கும் சொத்து, பதவி, கையெழுத்துகள் எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய எடை. எடை சமமாக இருந்தால் மாறி மாறி. ஒரு முறை அறுவை அரங்கு பலி, அடுத்த முறை பிணவறை பலி. விடிய விடிய ஓடினாலும் இரண்டு வேலையும் முடியாது.

பதிவின் கடைசியில் கைரேகைகள் இருந்தன. கோமதி எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். பிறகு அம்மாவின் கைகளைப் பார்த்தாள்.

பதிவில் இருபது விரல்கள் இருந்தன.

“டாக்டர், அம்மாவப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள்.

பிணவறையின் காத்திருப்பு அறைக்குக் கம்பிக்கதவு. உள்ளே அம்மாவின் வயதில் ஒரு பெண், கதவில் பதித்திருந்த ரேகைப்பலகையை உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் வாழைத்தார் சுமந்து காய்த்துப்போன தோளோடு ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்க இசக்கியம்மாளா?” என்று கோமதி கேட்டாள்.

“ஆமா. நீ யாரு?”

“நான் இன்னொரு இசக்கியம்மாளோட மவ. எங்கம்ம அங்க ஆப்பரேசனுக்குக் கெடக்கா. உங்க பதிவும் அவ பதிவும் ஒண்ணாக் கெடக்கு. நீங்க கொஞ்சம் வெளிய வந்துட்டா…”

“வெளிய வரவா? இந்தக் கதவு தெறந்தா நான் ஏன் இங்க நிக்கேன்? உடலை வாங்காம வெளிய விட மாட்டுக்கு. ரேகைய வச்சா, மயக்கத்துல இருக்கிறவ ரேகை செல்லாதுங்குது. எங்க வீட்டுக்காரரு ஐஸ் பெட்டியில கெடக்காரு. ஊர்ல பந்தல் போட்டு சனம் காத்துக் கெடக்கு. நான் மயக்கத்துலயா இருக்கேன்? நல்லாப் பாத்துச் சொல்லு!”

கோமதி கைப்பலகையில் பிறந்த ஊரை மறுபடி பார்த்தாள்.

பனையடிக்குளத்தில் வீட்டுக்கு ஒரு இசக்கி உண்டு. பிள்ளைகளில் ஒன்றுக்குக் குலதெய்வத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். பெண்ணானால் இசக்கியம்மாள், ஆணானால் இசக்கிமுத்து. தெருமுனையில் நின்று ‘ஏ இசக்கி’ என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். பிறந்த தேதி யாருக்கும் நினைவிருக்காது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெரிய வாத்தியார் வரிசையாக நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து, எல்லோருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இதனால் எவருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை.

குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஒருமைத்தளத்தைக் கட்டிய மேதாவிகளுக்கு மட்டும் இது தெரியவில்லை. பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள், பிறந்த ஊர். நான்கையும் கோத்து ஒரு திறவுகோல் செய்தார்கள். நான்கும் ஒன்றானால் ஆளும் ஒன்றுதான் என்றார்கள். சுடலைமுத்து மகள் இசக்கியும் சுப்பையா மகள் இசக்கியும் அப்படித்தான் ஒரே பிறவி ஆனார்கள். ஒரு மனுசிக்கு ஏன் இருபது விரல் என்று கேட்கத் தளத்துக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்தபோது, போலிப் பெயர்களை ஒழித்துவிட்டோம் என்று இனிப்பு வழங்கினார்கள். கோமதியும் ஒரு லட்டு தின்றிருந்தாள்.

அவள் தளத்தின் இயக்குநருக்கு அழைப்புப் போட்டாள். இயக்குநர் வி. ஐ. முத்து முந்தைய நாள்தான் வெளிநாடு போயிருந்தார். உலகத்திலேயே இரட்டிப்பு இல்லாத ஒரே தளம் என்று அவருக்கு ஏதோ பரிசு. கைப்பலகையில் அவர் முகம் தெரிந்தது. கழுத்தில் டை.

“சீக்கிரம் சொல்லும்மா. மேடைக்குக் கூப்பிடப் போறாங்க.”

கோமதி சொன்னாள். அவர் பாதியிலேயே கை காட்டி நிறுத்தினார்.

“மறுபடி முயற்சி பண்ணச் சொல்லு.”

“மூணு தடவ ஆச்சு சார். இது சாதாரண முடிச்சு இல்ல. ரெண்டு பேரு ஒரே பதிவுல இருக்காங்க.”

“தளத்துல இரட்டிப்பு கிடையாது. அப்படின்னா உங்கம்மா ரெண்டு பேரா இருக்க முடியாது.”

“ரெண்டு பேரையும் இப்பத்தான் கண்ணால பாத்தேன் சார்!”

“நீ பார்த்ததா முக்கியம்? தளத்துல என்ன இருக்குங்கறதுதான் முக்கியம்.”

“பதிவப் பிரிக்க விதியில வழி இருக்கு. உங்க ரேகை ஒண்ணு போதும்.”

இயக்குநர் முகம் இறுகியது. “விதியை நான்தான் எழுதினேன். பிரிக்கும்போது ரெண்டு பேரும் பலகை முன்னால இருந்தா, அவங்கவங்க ரேகை பட்டது அவங்கவங்களுக்கு. ஒருத்தர் இல்லைன்னா இருக்கறவருக்கே எல்லாம் போயிடும், இல்லாதவருக்கு வெறும் எண் மட்டும். அந்த விதியை இதுவரைக்கும் பயன்படுத்தினதில்ல, இன்னிக்கும் பயன்படுத்த மாட்டேன். ஒரு பதிவைப் பிரிச்சா, நேத்து வரைக்கும் இரட்டிப்பு இருந்துச்சுன்னு நானே ஒப்புக்கிட்ட மாதிரி ஆகும். பரிசை வாங்கற அன்னிக்கா?”

“எங்கம்ம செத்துருவா சார்.”

“எடை குறைஞ்சவங்களுக்கு இந்த மாதிரி சின்னச் சின்னச் சிரமம் இருக்கத்தான் செய்யும். எனக்கெல்லாம் ஒரு கதவு கூட ஒரு நாளும் தகராறு பண்ணதில்லையே.” திரை அணைந்தது.

கோமதி கைப்பலகையைத் தரையில் எறியப் போனாள். கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து இசக்கியம்மாள் கேட்டாள்: “யாருட்டி அது? வேலாயுதம் மவனா?”

“எங்க இயக்குநர். வி. ஐ. முத்து.”

“வி. ஐ. முத்தும் வெங்காயமும்! அவன் எங்க ஊர்க்காரன்தான். வே. இசக்கிமுத்து. மெட்ராசுக்குப் போனதும் இசக்கியச் சொல்ல வெக்கப்பட்டு ஒரு எழுத்தாச் சுருக்கிட்டான். பள்ளிக்கொடத்துச் சர்டிபிகேட்டுல இன்னமும் இசக்கிமுத்துதான். இந்தா உக்காந்திருக்காரே என் கொழுந்தன், இவரும் வே. இசக்கிமுத்துதான். வேம்பு மவன். ரெண்டு பேரும் ஒண்ணாப் பள்ளிக்கொடத்துல சேந்தவங்க.”

மரத்தடியில் இருந்தவர் தலை நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. “அவன் பேச்ச எடுக்காதீங்க மைனி. அண்ணன் செத்த அன்னைக்கு, ஊர மறந்தவன் பேரு எதுக்கு?”

கோமதி அவர் அருகில் போய் உட்கார்ந்தாள். “அண்ணாச்சி, உங்களுக்குக் கதவெல்லாம் ஒழுங்காத் தெறக்குமா?”

“எனக்கா?” அவர் கசப்பாகச் சிரித்தார். “பஸ்ஸு என்னைய ஏத்தாது. ரேஷன் கடையில நான் மெட்ராசுல இருக்கேங்கும். ஒருக்கா ரோட்டுல அடிபட்டுக் கெடந்தேன், ஆம்புலன்சு கதவு தெறக்க மாட்டுக்கு. பூட்டில்லாத குடிசையில கெடக்கேன். நான் என்ன பாவம் பண்ணினேன்னு எத்தன ஆபீசுல கேட்டிருப்பேன்? மறுபடி முயற்சி பண்ணுங்கிறானுவ. நேத்துதான் அதிசயம். பஸ்ஸு ஏத்திக்கிட்டு. இந்த ஆஸ்பத்திரி கேட்டு என்னையப் பாத்து, ‘வணக்கம் இயக்குநர் அவர்களே’ன்னு சொல்லுது. எளவு வீட்டுக்காரன்னு பாக்காமக் கேலி பண்ணுது!”

கோமதி எழுந்து நின்றுவிட்டாள்.

கேலி இல்லை. இயக்குநர் நாட்டு எல்லைக்கு வெளியே இருந்தார். எல்லை தாண்டியவரின் பதிவைத் தளம் பூட்டி வைப்பதில்லை. இத்தனை வருடமாக அந்த ஒரே பதிவில் இரண்டு இசக்கிமுத்துகள் இருந்திருக்கிறார்கள். இருவரும் மோதிய ஒவ்வொரு தடவையும் எடை மிகுந்தவர் கதவு திறந்திருக்கிறது, எடை இல்லாதவர் பலியாகியிருக்கிறார். ஒரு கதவு கூடத் தகராறு செய்ததில்லை என்று அந்த ஆள் சொன்னாரே, அந்தக் கதவுகள் எல்லாம் இந்த மனிதரின் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டவை. சாத்தியது யார் என்று இவருக்கும் தெரியாது, யார் மேல் சாத்தப்பட்டது என்று அவருக்கும் தெரியாது.

கோமதி தொலைபேசியில் ஜெசிந்தாவை அழைத்தாள். “டாக்டர், அம்மா எப்படி இருக்கா?”

“காய்ச்சல் ஏறுது. பேச்சு குறைஞ்சிருச்சு. ஏதாவது செய்யறதுன்னா இப்பச் செய்.”

“அவ கட்டைவிரலக் கதவோட ரேகைப்பலகையில வச்சுப் பிடிங்க. எடுத்துராதீங்க.” கோமதி கம்பிக்கதவுப் பக்கம் திரும்பினாள். “அத்த, நீங்களும் வையுங்க. அறையாதீங்க, சும்மா வச்சுப் பிடிங்க.”

பிரிப்பு ஆணையைக் கைப்பலகையில் எழுதினாள். கடைசியில் ‘இயக்குநர் ரேகை’ என்று ஒரு கட்டம் மின்னியது. பலகையை இசக்கிமுத்துவிடம் நீட்டினாள்.

“இதுல வையுங்க அண்ணாச்சி.”

“நானா? இது சரியா வருமா தாயி? போலீசு கீலீசுன்னு…”

“யாரு வந்து என்னன்னு கேப்பா? தளத்துல இரட்டிப்பு கிடையாதுன்னு அவரே சொல்லிட்டாரு. அப்ப நீங்கதான அவரு?”

அவர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். பலகை ஒரு கணம் யோசித்தது.

“உறுதி. நன்றி, இயக்குநர் அவர்களே.”

கம்பிக்கதவு திறந்தது. தொலைபேசியில் இன்னொரு கதவு சரியும் சத்தமும், “தள்ளுங்க, தள்ளுங்க!” என்ற ஜெசிந்தாவின் குரலும் கேட்டன. இசக்கியம்மாள் வெளியே ஓடி வரவில்லை. உள்ளே ஐஸ் பெட்டி இருந்த பக்கம் திரும்பி, அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த ஒப்பாரியை ஓவென்று எடுத்தாள்.

கோமதி அறுவை அரங்கை நோக்கி ஓடத் திரும்பினாள். இசக்கிமுத்து அவள் வழியை மறித்து நின்றார்.

“என்னையும் பிரிச்சு விடு.”

“அண்ணாச்சி, அவரு இங்க இல்ல. இப்பப் பிரிச்சா எல்லாம் உங்களுக்கு வந்துரும். வீடு, பதவி, எடை, எல்லாமே. அவருக்கு ஒரு வெறும் எண்தான் மிஞ்சும்.”

“எனக்கு இத்தன வருசமா அந்த எண்ணு கூட இல்லையே தாயி. அதுக்கு யாராவது யோசிச்சாவளா?”

கோமதியும் யோசிக்கவில்லை. அந்த டையும் அந்தச் ‘சின்னச் சின்னச் சிரமமும்’தான் கண் முன்னால் நின்றன. ஆணையை எழுதிப் பலகையை நீட்டினாள். அவர் விரலை வைத்தார். உறுதி என்றது.

அம்மா பிழைத்துக்கொண்டாள். குடல்வால் வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எடுத்ததாக ஜெசிந்தா சொன்னார். கண் விழித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “அந்தக் கதவ யாரும் ரெண்டு மிதி மிதிச்சியளா?” என்பது.

சில நாள் கழித்து, அண்ணனுக்குக் கொள்ளி வைத்த மொட்டைத் தலையோடு இசக்கிமுத்து மாவட்ட நிலையத்துக்கு வந்தார். வாசல்கதவு அவரை வணங்கித் திறந்தது. இருபது விரல் பதிவுகளை எல்லாம் கோமதி தேடி எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பதிவின் இரண்டு ஆட்களையும் வரவழைத்து, இருவரையும் பலகை முன்னால் நிற்க வைத்துத்தான் பிரிப்பது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வெளியே இசக்கிகள், சுடலைகள், பேச்சிகள், மாடன்கள் எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்றார்கள். சிலர் தங்கள் ஜோடியை முறைத்தார்கள். என் ரேஷன் அரிசியை இத்தனை நாள் தின்றவள் நீதானா என்று ஒருத்தி இன்னொருத்தியின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அழைப்பு வந்தது. வெளிநாட்டு விமான நிலையத்தின் பொதுத் தொலைபேசியிலிருந்து வி. ஐ. முத்துவின் முகம் கைப்பலகையில் தெரிந்தது. கழுத்தில் டை இல்லை, தாடி வளர்ந்திருந்தது, மடியில் பரிசுக் கேடயம் இருந்தது.

“கோமதி! விமானத்துக் கதவு திறக்க மாட்டேங்குது. பயணி யார்னு தெரியலைங்குது. நாற்காலியில படுத்துக் கிடக்கிறேன். கேட்டா மறுபடி முயற்சி பண்ணுங்கன்னே சொல்றாங்க. தளத்துல என் பேருக்கு நேரா எதுவுமே இல்ல, ஒரு எண்தான் இருக்கு. உடனே பழைய பதிவைத் திருப்பிக் குடு!”

“குடுக்கலாம் சார். இயக்குநர் ரேகை வேணும்.”

“நான்தானே இயக்குநர்!”

“அப்படித் தளத்துல இல்லையே சார்.”

அவர் குரல் இறங்கி வந்தது. “கோமதி… கேட்டுப் பாரும்மா. இப்ப இயக்குநரா இருக்கிற அந்த ஆள்கிட்ட.”

கோமதி கைப்பலகையைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். இசக்கிமுத்து ஒரு சுடலைமுத்துவின் பிரிப்பு ஆணையில் விரலை வைத்துவிட்டு, அடுத்த ஜோடியை வரச் சொல்லிக் கை காட்டினார். இயக்குநர் சொன்னது எல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது.

“கதவு தெறக்கலையாமா அவருக்கு?” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

“திருப்பிக் குடுப்போம். அவரு பதவி எனக்கு எதுக்கு?” விரலை வேட்டியில் துடைத்தபடி வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார். “வரிசையில கடைசியாப் போட்டு வை. அதுவரைக்கும் அவரு நானா இருந்து பாக்கட்டும்.”